புதுப்பிப்பு: அம்மாவின் போனில் சார்ஜ் ஏறாத பிரச்சினை

வயரைச் சாய்த்துப் பிடித்தால்தான் அம்மாவின் போனில் சார்ஜ் ஏறுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். கடையில் போர்டையே மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. போனை அணைத்துவிட்டு, சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மா போனை இடுப்பில் செருகிக்கொள்வார். சேலை நூல் பிசிறெல்லாம் உள்ளே கெட்டியாக அடைந்து கிடந்தது. பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறியதும் மஞ்சள் படிந்த பஞ்சு உருண்டை ஒன்று வந்தது. குண்டூசி மட்டும் வேண்டாம், உள்ளிருக்கும் பின்கள் வளைந்துவிடும். இப்போது வயர் டக்கென்று உட்காருகிறது.

ஆனால் போன் செத்துக் கிடந்த அன்று, ஓடிபி சொல்ல முடியாமல் வாசல் வரை வந்த கேஸ் சிலிண்டர் திரும்பிப் போனது. அம்மா அன்று பக்கத்து வீட்டு அடுப்பில் கஞ்சி வைத்தார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.