மிக்கேல் கிராமர் இரயிலுக்காகச் செய்தது என்ன?

கேள்வி: ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மிக்கேல் கிராமரைப் பலரும் பெர்லின் சுவர்த் தடத்தின் மிதிவண்டிப் பாதைக்காகவே நினைவுகூர்கிறார்கள். இரயில் துறையில் அவருடைய பங்கு என்ன?

பதில் 1: 1989 முதல் 2004 வரை பெர்லின் சட்டமன்றத்திலும், பின்னர் 2019 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் பணியாற்றிய அவர், நாட்டுக்கு நாடு மாறுபடும் இரயில் சமிக்ஞை முறைகளுக்குப் பதிலாகப் பொதுவான ஐரோப்பிய முறையைப் பரவலாக்குவது குறித்த நாடாளுமன்ற அறிக்கையைத் தயாரித்தார். 2014இல் போக்குவரத்துக் குழுவின் தலைவருமானார்.

பதில் 2: பதவிகளைவிட, எல்லைகளில் அறுந்துகிடந்த தண்டவாளங்களை இணைக்க அவர் விடாமல் வாதாடியதே முக்கியம் என்பேன். பெர்லினிலிருந்து இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகருக்கு இரண்டாம் உலகப் போருக்கு முன் மூன்று மணி நேரத்துக்குள் சென்ற இரயில், பல பத்தாண்டுகளுக்குப் பின் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டது.

பதில் 3: 1979 முதல் சொந்தக் கார் இல்லாமல் வாழ்ந்தவர் என்பதால், எதிர்த்தரப்பினரால் அவரை எளிதில் மடக்க முடியவில்லை போலும்.