இன்னும் பதில் வராத ஜெபம்

இங்கே சாட்சி பகிர்ந்தவர்கள் பலரும் காத்திருந்து ஜெபத்துக்குப் பதில் பெற்றுக்கொண்டவர்கள். வாசிக்க வாசிக்க மனம் நிறைந்தது. திருமணத்துக்காக ஜெபிக்கும் நான் இன்னும் பெறவில்லை. அதையும் ஒருவர் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீடு கேரள எல்லையில், களியக்காவிளையைத் தாண்டி பாறசாலைப் பக்கம். கடையில் மலையாளம், வீட்டிலும் சபையிலும் தமிழ். எனக்கு 36 வயது. 26 வயதில் வரன் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருமுறை எல்லாம் பேசி முடித்து, சபையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கும் வரை வந்தது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறோடு நின்றுபோனது. அவர்கள் வீட்டில் மனம் மாறிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் எங்கள் பெயரைச் சொல்லாமல் அடுத்த அறிவிப்புக்குப் போனார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது புது வருஷத்துக்கான வேத வசன அட்டைகளை, வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு வருஷம் கோபத்தில் எல்லாவற்றையும் எடுத்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன்.

அந்த வருஷம்தான் மாமாவின் ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, ஒரு காலை வேளையில் போனேன். மரங்களுக்கு ஐந்து வயது. மாமாவுக்கோ கடன் நெருக்கடி. "இப்பவே பால் வெட்டினா என்ன மாமா?" என்று கேட்டேன். அவர் டேப்பை எடுத்து நெஞ்சு உயரத்தில் ஒரு மரத்தைச் சுற்றிப் பிடித்தார். 41 சென்டிமீட்டர். "50 வரணும் மக்களே. முன்னாடியே கத்தி வெச்சா பால் கொஞ்சம் வரும், ஆனா மரம் பருக்காது." பொதுவாக ஏழு வருஷம் ஆகும் என்றார். எனக்குப் புத்தி சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.

அன்று இரவு ஆதியாகமம் வாசித்தேன். சகோதரர்களால் விற்கப்பட்டு எகிப்தில் சிறையில் இருந்த யோசேப்பின் கதை. 40ஆம் அதிகாரம், அதே சிறையிலிருந்து விடுதலையான பார்வோனின் பானபாத்திரக்காரன் யோசேப்பை மறந்துபோனதோடு முடிகிறது. 41ஆம் அதிகாரம், இரண்டு வருஷம் சென்றபின்பு என்று தொடங்குகிறது. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி நடுவில் ஒரு வரிகூடக் கிடையாது. சிறையில் எத்தனை காலை விடிந்திருக்கும், கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார்! விற்கப்பட்டபோது ஏறக்குறைய 17 வயது, பார்வோன் முன் நின்றபோது 30. எழுதப்படாத அந்த நாட்களிலும் கர்த்தர் அவரோடு இருந்தார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். என் வாழ்க்கையின் இந்தப் பகுதியும் அப்படித்தான் என்று அன்றுதான் அழாமல் நினைக்க முடிந்தது.

"விசுவாசம் குறைவு, அதனால்தான் தாமதம்" என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்கிறவர்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள். ஆபிரகாமே வாக்குப்பண்ணப்பட்ட மகனுக்காக 25 வருஷம் காத்திருந்தார்.

அட்டைகளைத் திரும்ப வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன். இப்போதும் குடும்ப ஜெபத்தில் அந்த ஒரு காரியம் வரும்போது அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். நான் ஆமென் சொல்கிறேன், சத்தமாகவே.