நைரோபியில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா? அவசரம்

காரைக்குடி, தேவகோட்டை உறவுகளே, ஒரு உதவி வேண்டும். எங்கள் சபையிலிருந்து கென்யாவுக்கு ஊழியப் பயணம் கிளம்பிய குழுவில் என் அக்காவும் இருக்கிறார். விடியற்காலை பல்லவனில் ஏறி எழும்பூர் போய், அங்கிருந்து விமானத்தில் மும்பை வரைக்கும் ஒழுங்காகத்தான் போனார்கள். அங்கே நைரோபி விமானம் ரத்து என்று சொல்லி, குழுவை இரண்டாகப் பிரித்து வேறு வேறு வழியில் ஏற்றிவிட்டார்கள். அதோடு விட்டார்களா, மேலே இடமில்லை என்று அக்காவுடைய கைப்பையையும் வாங்கி விமானத்தின் அடியில் மற்ற பெட்டிகளோடு போட, இப்போது ஆள் போய்ச் சேர்ந்தும் பை போய்ச் சேரவில்லை. கூட இருக்கும் வயதான அம்மாவின் சர்க்கரை மாத்திரை அதில்தான் இருக்கிறது, எனக்கு அந்தக் கவலைதான் பெரிது. நைரோபியில் மருந்துக்கடைக்கு அழைத்துப் போகத் தமிழ் தெரிந்த யாராவது கிடைத்தால் பெரிய புண்ணியம். மருந்துச் சீட்டின் படம் என்னிடம் இருக்கிறது.

அப்புறம், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்ட மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டைகளும் அதே பையில். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். நகல் அட்டை வாங்கிய அனுபவம் உள்ளவர்கள், ஊரிலிருந்து நாங்கள் போய்க் கேட்டால் தருவார்களா, என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

பை காணவில்லை என்று விமான நிலையத்திலேயே எழுதிக் கொடுத்து, எண்ணும் வாங்கியாயிற்று. 21 நாள் தாண்டினால் தொலைந்ததாகக் கணக்கு, இழப்பீடு கேட்கலாம் என்பது தெரியும், ஆனால் எங்களுக்குப் பணம் வேண்டாம், பை வேண்டும். விமான நிறுவனத்தில் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும்? இரவு எந்நேரமானாலும் எழுதுங்கள், விழித்துத்தான் இருப்பேன்.