தண்டையார்பேட்டை நம்ம தெரு குழு: சிலிண்டர் படம்

மேரி அக்கா: 📷 படம்
மேரி அக்கா: எந்த ஊருன்னு போடல, ஃபார்வர்டா வந்துச்சு. தீப்புடிச்சு வெடிச்ச காஸ் சிலிண்டராம். சுக்குநூறா போவும்னு பாத்தா இன்னா பாய் விரிச்ச மாதிரி கெடக்குது?

பாபு: நைட்டு நேரத்துல ஏங்கா பயமுறுத்துற

செல்வம் அண்ணன்: அப்டிதான் கிழியும் மேரி. உருளைல தகடு சுத்துவாட்டுல இழுபடுறது, நீளவாட்டுல இழுபடுறத போல 2 மடங்கு. அதான் மேலருந்து கீழ கோடு போட்டு பிளக்குது
செல்வம் அண்ணன்: உன் வூட்டு 14.2 கிலோ சிலிண்டர பாரு. இடுப்ப சுத்தி ஒரு வெல்டு, நெட்டுக்கு ஒண்ணுமே இல்ல. இழுவை கம்மியா இருக்குற பக்கம் ஜாயிண்டு. வெல்டருக்கு அது அழகு

திவ்யா: அப்போ குண்டு மட்டும் ஏன் தூள்தூளா போவுது தெரியுமா அண்ணா? நெவில் மாட்னு ஒரு இயற்பியலாளர் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கணக்கு போட்டாரு. ஒரு எடத்துல விரிசல் விட்டதும் அக்கம்பக்கத்து இழுவை தளந்துடும். அந்த தளர்ச்சி அலையா பரவும். அது போய் சேந்த எடத்துல புது விரிசல் வராது. குண்டோட இரும்பு ஓடு பயங்கர வேகமா விரிஞ்சா அலை போறதுக்குள்ள நூறு எடத்துல விட்டுடும். மெதுவா விரிஞ்சா மொத விரிசலே வேலைய முடிச்சிடும்

பாபு: ஒண்ணும் புரில, ஆனா சூப்பரு 😂

செல்வம் அண்ணன்: கரெக்டு பாப்பா. நெருப்புல சிலிண்டரு நிதானமாதான் உப்பும். கீழ திரவம் தொடுற தகடு சூட்ட தாங்கும். மேல வெறும் ஆவி இருக்குற பக்கம் காஞ்சு இளகும். 600 டிகிரி கிட்ட இரும்புக்கு பாதி பலம் கூட இருக்காது, உள்ள அழுத்தமோ ஏறிக்கினே இருக்கும். அங்கதான் கிழியும்

மேரி அக்கா: துண்டு கம்மின்னா ஆபத்தும் கம்மிதானே?

செல்வம் அண்ணன்: அட போம்மா. மொத்த தகடும் ஒரே துண்டா பறக்கும். உள்ள இருக்குற திரவம் ஏறக்குறைய 250 மடங்கு ஆவியா விரிஞ்சு பத்திக்கும். சிலிண்டர் மேல நெருப்பு படுதுன்னா வீடியோ எடுக்காத, ஓடு. வெறும் லீக்குன்னா 1906க்கு போன் போடு

பாபு: எங்குளுதுல பி-27னு போட்ருக்கு, இன்னா அது?

செல்வம் அண்ணன்: பி-ன்னா ஏப்ரல்லருந்து ஜூன். 2027 ஜூனுக்குள்ள திரும்ப டெஸ்ட் பண்ணணும்

மேரி அக்கா: எங்குளுதுல எழுத்தே தெரில, துருவா இருக்கு

செல்வம் அண்ணன்: அடுத்த வாட்டி டெலிவரி தம்பி வந்தா துரு புடிச்சத வாங்காத. வேற கேளு

பாபு: அக்கா அந்த படத்த டெலிட் பண்ணு, எங்கம்மா அடுப்பு பக்கமே போ மாட்டேங்குது