லொகேஷன் தப்பாகக் காட்டுகிறது, அவசர உதவி!!

ஜெனோவா_அட்மிரல் | 12 அக்டோபர் 1492
நண்பர்களே, கொலம்பஸ் எழுதுகிறேன். இன்று விடியற்காலை இந்தியா வந்து சேர்ந்துவிட்டேன். படத்தோடு செக்-இன் போடலாம் என்றால் மேப்பில் வெறும் கடல்தான் வருகிறது. போனை இரண்டு தடவை அணைத்துப் போட்டாயிற்று. ராணி ஸ்டேட்டஸ் பார்க்கக் காத்திருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

வெனிஸ்_மார்க்கோ
எங்கிருந்து கிளம்பினீர்கள்? எந்தத் திசை? எத்தனை நாள்? பக்கத்தில் தங்கக் கூரை வேய்ந்த அரண்மனை தெரிந்தால் அது சிப்பாங்கு, அதாவது ஜப்பான். நான் போனதில்லை, கேள்விப்பட்டதுதான்.

ஜெனோவா_அட்மிரல்
ஸ்பெயினிலிருந்துதான், வேறெங்கிருந்து? கானரித் தீவை விட்டு மேற்கே 36 நாள். இங்கே கூரையெல்லாம் ஓலை. கிளியும் பருத்தி நூலும் கொடுத்தார்கள். அரபி தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வந்தும் சைகைதான் ஓடுகிறது.

அலெக்ஸாந்திரியா_நூலகர்
மேற்கேயா! தம்பி, கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் உண்டா? கிணற்றையும் நிழலையும் வைத்து, உலகத்தின் சுற்றளவு 2,50,000 ஸ்தாதியம் (எங்கள் கிரேக்க நீள அளவு) என்று நான் கணக்குப் போட்டு 1,700 வருடத்துக்கு மேலாகிறது. நீ எவ்வளவு போட்டாய்?

ஜெனோவா_அட்மிரல்
பழைய வானியலாளர் பெர்கானாக்காரர் எழுதியபடி, உலகத்தின் சுற்றளவில் ஒரு பாகைக்கு 56⅔ மைல். மைல் மைல்தானே.

பெர்கானாக்காரர்
ஐயா, நான் எழுதியது அரபு மைல். நீங்கள் எதில் போட்டீர்கள்?

ஜெனோவா_அட்மிரல்
ரோமானிய மைலில்.

பெர்கானாக்காரர்
போச்சு. அது எங்கள் மைலைவிடக் குட்டை. உலகத்தையே கால் பங்கு சுருக்கிவிட்டீர்கள்.

லிஸ்பன்_கணக்கர்
இதைத்தான் எங்கள் போர்ச்சுகல் ராஜாவிடம் அப்போதே சொன்னோம். அவர் கேட்டார், அட்மிரல்தான் கேட்கவில்லை.

பின்டா_ரோத்ரிகோ
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பின்டா கப்பலிலிருந்து கரையை முதலில் பார்த்துக் கத்தியது நான். முதலில் பார்ப்பவருக்கு வருடா வருடம் 10,000 மரவேதி (ஸ்பெயின் காசு) என்றார்கள். முந்தின இரவே ஒரு வெளிச்சம் பார்த்தேன் என்று சொல்லி அட்மிரல் எடுத்துக்கொண்டார். இதை எங்கே புகார் செய்வது?

ஜெனோவா_அட்மிரல் | 15 ஜனவரி 1493
ரோத்ரிகோ, அது வேறு விஷயம். இப்போது ஆதாரமே கிடைத்துவிட்டது. இங்கே மிளகு இருக்கிறது! உள்ளூரில் அஹி என்கிறார்கள். நம் மிளகைவிட உசத்தி.

கொல்லத்து_மிளகு_மண்டி
படம் போடுங்கள்.

கொல்லத்து_மிளகு_மண்டி
படம் பார்த்தேன். ஐயா, மிளகு கொடியில் காய்க்கும், உருண்டையாக இருக்கும். இது செடியில் நீளமாகத் தொங்குகிறது. இது மிளகே இல்லை.

மதுரை_சமையல்கட்டு
பார்க்க அழகாக இருக்கிறதே! மிளகு மாதிரி காரம், ஆனால் காய். மிளகாய் என்று வைத்துக்கொள்ளலாமா? கொஞ்சம் விதை கிடைக்குமா அண்ணே?

கொல்லத்து_மிளகு_மண்டி
அம்மா, என் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்கள். இதைத் தின்றுவிட்டு யார் வீட்டில் தண்ணீர் கேட்பது?

மதுரை_சமையல்கட்டு
ரசத்துக்கு மிளகுதான், யார் இல்லை என்றது? ஊறுகாய்க்குக் கேட்கிறேன்.

லிஸ்பன்_கணக்கர்
விதையை எங்கள் கப்பலில் கொண்டுவந்து தருகிறோம். கொஞ்ச காலம் பொறுங்கள்.

அலெக்ஸாந்திரியா_நூலகர்
இது லொகேஷன் இழை. சமையலுக்குத் தனி இழை இருக்கிறது.

ஜெனோவா_அட்மிரல் | ஜூன் 1494
பிரச்சினை தீர்ந்தது. கியூபா தீவு அல்ல, ஆசியப் பெருநிலம் என்று என் ஆட்களிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். மாற்றிப் பேசினால் 10,000 மரவேதி அபராதம், நாக்கும் போகும். இழையை மூடிவிடலாம்.

அலெக்ஸாந்திரியா_நூலகர்
சரி, மேப்பில் இப்போது என்ன காட்டுகிறது?

வாஸ்கோ | மே 1498
கோழிக்கோடு வந்தாச்சு. ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் லொகேஷன் சரியாகவே காட்டுகிறது.

அமெரிகோ | 1507
வணக்கம், பழைய இழையைத் தட்டி எழுப்புவதற்கு மன்னிக்கவும். புது மேப் வந்திருக்கிறது. அட்மிரல் இறங்கிய பக்கத்தில் என் பெயர் போட்டிருக்கிறது. நான் எதையும் தொடவில்லை. வேறு யாருக்காவது இப்படி வருகிறதா?