தரையைத் தொட்டதும் எம்புகிறது, அவசர உதவி

புதுச்சிறகு: தரையைத் தொட்டவுடன் விமானம் எம்பிவிடுகிறது. மூக்கைக் கீழே அழுத்தினால் இன்னும் மோசம். அடுத்த தடவை முன்சக்கரம்தான் முதலில் இடிக்கிறது. நாளை சோலோ, பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்க வேண்டும். என்ன செய்வது?

வடகாற்று: எந்த விமானம்? இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளேப்பை எவ்வளவு இறக்கினீர்கள்? ஓடுபாதையை நெருங்கும்போது வேகம்?

மேகமூட்டம்: காற்று எந்தப் பக்கம்? பயிற்றுநர் கூட இருந்தாரா?

கேப்டன்பழையவர்: நோயாளி யார் என்றே சொல்லாமல் மருந்துச்சீட்டுக் கேட்கிறார். இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவருக்கு யார் சோலோ கொடுத்தார்கள்?

உயரஇருக்கை: இருக்கையைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பீர்கள். உயர்த்திக்கொண்டு ஓடுபாதையின் கடைக்கோடியைப் பாருங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

வடகாற்று: எல்லாவற்றுக்கும் இருக்கைதானா ஐயா! தம்பி, எம்பியதும் அழுத்தவே கூடாது. கொஞ்சமாக எம்பினால் மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, சிறிது த்ராட்டில் (என்ஜின் விசை) கொடுத்து மறுபடி மெல்ல உட்காரவையுங்கள். உயரமாகப் போய்விட்டால் வேகம் சட்டென்று குறையும், ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழப்பது, பக்கத்திலேயே இருக்கும். முழு த்ராட்டில், வலது ரட்டர் (வால் சுக்கான்), கோ அரவுண்ட்: இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வாருங்கள்.

மேகமூட்டம்: மாணவருக்கு 'சிறிது த்ராட்டில்' எல்லாம் வேண்டாம். எம்பினால் கோ அரவுண்ட், அவ்வளவுதான்.

வடகாற்று: அரையடி எம்பியதற்குமா?

மேகமூட்டம்: அரையடியா ஆறடியா என்று அந்த நேரத்தில் அவர் அளந்துகொண்டிருப்பாரா?

புதுச்சிறகு: செஸ்னா 172எஸ். ஃபிளேப் 30 டிகிரி. வேகம் 75, 78 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) இருக்கும். காற்று இல்லை. தனியாகத்தான் போனேன்.

வடகாற்று: அதுதான் விஷயம். ஃபிளேப் இறக்கியிருந்தால் கையேட்டில் 60 முதல் 70 நாட் வரைதான். 78-இல் இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கும்; சக்கரம் தட்டி மூக்கு நிமிர்ந்ததும் மேலே போகாமல் என்ன செய்யும்? கோ அரவுண்ட் போனால் ஃபிளேப்பை உடனே 20-க்கு ஏற்றுங்கள். மொத்தமாக மேலே ஏற்றினால் விமானம் அமிழும்.

கேப்டன்பழையவர்: 30 எல்லாம் ஒரு ஃபிளேப்பா? பழைய 172-இல் 40 வரை இறங்கும். அதில் பழகியவனுக்கு இந்தப் பிரச்சினையே வராது.

மேகமூட்டம்: அந்த 40-ஐ வைத்துக்கொண்டு மேலேறப் பட்ட பாடு மறந்துவிட்டதா? 1981-இல் 172பி (172P) வந்தபோது 30-ஆகக் குறைத்தார்களே.

கேப்டன்பழையவர்: குறைத்தது எடையைக் கூட்டுவதற்காக. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மேகமூட்டம்: கூட்டிய எடையோடும் கோ அரவுண்டில் மேலேற வேண்டுமே, அதைத்தானே நானும் சொல்கிறேன்!

தளப்பணியாளர்: முன்சக்கரம் இடித்தது என்கிறார், யாருமே கேட்கவில்லையே. புதுச்சிறகு, தளத்தில் சொன்னீர்களா? ஃபயர்வால் தகடு (என்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவில் இருப்பது), முன்சக்கரக் கால், புரொப்பெல்லர் நுனி மூன்றையும் பொறியாளர் பார்க்காமல் அந்த விமானத்தை யாரும் எடுக்கக் கூடாது.

உயரஇருக்கை: இருக்கையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

புதுச்சிறகு: சொன்னேன். ஃபயர்வாலின் கீழ்ப்பக்கம் தகடு சுருங்கியிருக்கிறது. விமானத்தை நிறுத்திவிட்டார்கள். நாளை சோலோ இல்லை, பயிற்றுநரோடு வேறு விமானம். நன்றி.

கேப்டன்பழையவர்: 40 இருந்திருந்தால் 78 வந்திருக்கவே வந்திருக்காது.