சார்லட் பிராண்டேயின் தைக்கப்பட்ட கடிதங்கள்: காதலா, வெறும் பற்றா?

வைகைக்கரை:
‘ஜேன் ஐர்’ நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்டே 1842இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் போய் கான்ஸ்டன்டின் ஹெகரிடம் பிரெஞ்சு படித்தார். ஊர் திரும்பியபின் அவருக்கு எழுதியவற்றில் நான்கு கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஹெகர் மனைவி மக்கள் உள்ளவர். இது காதல்தான், இதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது?

கோடைமழை:
பொறுங்கள் ஐயா. ஹெகரின் பதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு எழுதுகிறீர்கள். தன் அறிவை மதித்த ஆசிரியர்மேல் வந்த பற்று என்று ஏன் கொள்ளக்கூடாது?

வைகைக்கரை:
பணக்காரர் மேசையிலிருந்து உதிரும் ரொட்டித் துணுக்குகளே ஏழைக்குப் போதும் என்று 1845 ஜனவரியில் எழுதுகிறார். இலக்கணம் படித்த மாணவி வாத்தியாருக்கு எழுதும் கடிதமா இது?

பழம்புத்தகம்:
அந்தத் தாள்களைப் பாருங்கள். ஹெகர் கிழித்துப் போட்டதை அவர் மனைவி பொறுக்கியெடுத்து, துண்டுகளை ஒட்டி நூலால் தைத்துவைத்தார். ஒரு கடிதத்தின் ஓரத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் பெயரை ஹெகர் கிறுக்கியிருக்கிறார். ஏக்கம் இருந்தது உண்மை. அது ஒரு பக்கத்து ஏக்கம்.

கோடைமழை:
அதனால்தான் சொல்கிறேன், சார்லட்டின் தோழியும் நாவலாசிரியையுமான எலிசபெத் காஸ்கெல் செய்ததே சரி. 1856இல் பிரஸ்ஸல்ஸ் போய்க் கடிதங்களின் சங்கதியைத் தெரிந்துகொண்டும், மறு ஆண்டு வெளியிட்ட சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றில் வாய் திறக்கவில்லை. சார்லட்டின் அப்பாவும் கணவரும் உயிரோடிருந்தார்களே!

வைகைக்கரை:
நல்ல நியாயம் அம்மா! சார்லட்டின் மனச்சோர்வுக்குத் தம்பி பிரான்வெல்லையும், அவர் வேலை பார்த்த வீட்டு எஜமானியையும் காரணமாக்கினார் காஸ்கெல். அந்தப் பெண்மணி வழக்குப் போடுவேன் என்றதும் புத்தகத்தைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. ஒருத்தியின் மானத்தைக் காக்க இன்னொருத்தியின் பெயரைத் தெருவுக்கு இழுத்தார்.

கோடைமழை:
அந்த விஷயத்தில் காஸ்கெல்லுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1913இல் ஹெகரின் பிள்ளைகள் கடிதங்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்து, அவை பத்திரிகையிலும் வந்தபின், சார்லட்டின் ‘வில்லெட்’ நாவலை அவர் டைரியாகவே படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஆசிரியர் பால் இமானுவேல், கதாநாயகி லூசிக்குப் பள்ளிக்கூடம் அமைத்துக் கொடுக்கிறார். நிஜத்தில் சார்லட் 1844இல் தன் வீட்டில் பள்ளி நடத்தப்போவதாக அச்சடித்து அனுப்பினார். ஒரு மாணவிகூடச் சேரவில்லை. கற்பனைக்கு எழுத்தாளரிடம் இடமே இல்லையா?

பழம்புத்தகம்:
இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியைக் கொடுப்பவராக பெல்ஜிய ஆசிரியர் ஒருவரை ஏன் வைத்தார் என்று கேட்பதும் வம்பளப்பு ஆகாது.